“சிஸ்டர், சாப்பிட்டீங்களா?”



ஒவ்வோர் ஆண்டும் மே 12 அன்று உலகச் செவிலியர் நாளைக் கொண்டாடுகிறோம். 1820-ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள் அது. பல பங்குகளில் அன்று செவிலியரை முன்னே அழைத்து, ரோஜாப்பூ கொடுத்து, கைதட்டி, ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்று வாழ்த்துகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் தேவதைகளுக்குப் பசிக்காது. கால் வீங்காது. வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கும் குழந்தையும் இருக்காது. செவிலியருக்கு இவை எல்லாம் உண்டு. ஆகவே இன்று வாழ்த்துகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு கேள்வியை நமக்குள் கேட்டுப் பார்ப்போம். நம்மைக் கவனிக்கிற செவிலியர், தம்மையும் ஒருவர் கவனிக்கிறார் என்று உணர்கிறாரா? அந்த உணர்வுக்கும் அவர் நம்மைக் கவனிக்கும் விதத்திற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

தொடர்பு உண்டு. அதுவும் அவசர சிகிச்சைப் பிரிவில் மிக நெருக்கமான தொடர்பு உண்டு. அது எப்படி என்பதைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

பிள்ளையார்பாளையத்தில் வாழும் நமக்கு அவசர சிகிச்சைப் பிரிவு எங்கோ இருக்கிற ஒன்றல்ல. நம் ஊரை ஒட்டிச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை போகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே மிக அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 64,105 விபத்துகள். 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் வைபவம் நடந்த 48 நாள்களையும் நாம் மறந்திருக்க மாட்டோம். வெயிலிலும் நெரிசலிலும் மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியதைக் கண்ணால் பார்த்த ஊர் இது.

அவசர நேரத்திற்கென்று நம் மாநிலம் நல்ல ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் தொடங்கியது. விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கான தனித்திட்டம் 2017-இல் வந்தது. 2021 டிசம்பர் 18 அன்று, நமக்குப் பக்கத்தில் உள்ள மேல்மருவத்தூரில், ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்பது அதன் சாரம்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் கடைசியில் ஒரு கதவருகே வந்து சேருகின்றன. ஆம்புலன்ஸ் கதவு திறக்கிறது. நோயாளியை இறக்குகிறார்கள். அங்கே நிற்கும் செவிலியர் சில நிமிடங்களுக்குள் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு ஆகியவற்றைப் பார்த்து, இவர் சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று பிரிக்க வேண்டும். ட்ரையாஜ் என்று மருத்துவமனையில் சொல்லும் தரம்பிரிப்பு இதுதான். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் விரைவில், ஆனால் சற்றுப் பொறுக்கலாம். பச்சை என்றால் காத்திருக்கலாம். பேசிக்கொண்டே நடந்து வந்தவருக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். கத்தி ஊரைக் கூட்டுகிறவருக்குச் சிறு காயமாக இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் காண்பது விழிப்புள்ள ஒரு கண். அந்த விழிப்பைத்தான் நாம் ஈடுபாடு என்கிறோம்.

ஈடுபாடு என்றால் என்ன என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஷௌஃபேலியும் அவருடைய தோழர்களும் 2002-இல் அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள். வேலை செய்யத் தெம்பு இருப்பது, அந்த வேலைக்குப் பொருள் உண்டு என்று மனதார ஏற்பது, வேலையில் தன்னை மறந்து ஆழ்ந்திருப்பது. ஈடுபாடு உள்ளவர் எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்துவிட்டு நிற்கமாட்டார். எழுதாததையும் கவனிப்பார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தம் வாழ்வில் நடந்த ஒன்றை அடிக்கடி நினைவுகூர்வார். 1957-இல், புவனோஸ் ஐரெஸ் நகரில், கடும் நுரையீரல் நோயால் அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அப்போது வயது இருபதை ஒட்டி. அங்கே செவிலியராக இருந்தவர் கொர்னேலியா கராலியோ என்னும் இத்தாலிய தொமினிக்கன் சகோதரி. இந்த இளைஞனுக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு போதாது என்பதை அவர் அனுபவத்தால் கண்டுகொண்டார். மருத்துவர்களோடு வாதாடவும் தயங்கவில்லை. மருந்தின் அளவு கூட்டப்பட்டது, இளைஞன் பிழைத்தார். 2018 மார்ச்சில் இத்தாலியச் செவிலியர்களைச் சந்தித்தபோதும் திருத்தந்தை இந்தச் சகோதரியை நன்றியோடு நினைவுகூர்ந்தார். அன்று அந்தச் சகோதரி தன் கடமையை மட்டும் செய்துவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நோயாளி மட்டும் பிழைத்திருக்கமாட்டார்.

இந்த ஈடுபாடு எங்கிருந்து வருகிறது? ‘அது அவரவர் குணம், நல்லவர்களுக்கு இருக்கும்’ என்று சொல்வது எளிது. ஆனால் ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. 1986-இல் ராபர்ட் ஐசன்பெர்கர் என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடைய தோழர்களும், வேலை செய்யும் ஒவ்வொருவர் மனதிலும் தன் நிறுவனத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். என் உழைப்பை இவர்கள் மதிக்கிறார்களா? என் நலனில் இவர்களுக்கு அக்கறை உண்டா? இந்த இரண்டுக்கும் ‘ஆம்’ என்று பதில் கிடைத்த மனிதர், வாங்கிய அக்கறையைத் தன் வேலையில் திருப்பிக் கொடுக்கிறார். ‘இல்லை’ என்று பதில் கிடைத்தவர் மெல்ல மெல்லத் தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். உடல் வேலைக்கு வருகிறது. மனம் வருவதில்லை.

இது மூன்று வழிகளில் நடக்கிறது.

முதலாவது, தெம்பு. வில்லியம் கான் என்னும் அறிஞர் 1990-இல், ஒருவர் தன்னை முழுமையாக வேலைக்குத் தருவதற்கு மூன்று நிலைகள் வேண்டும் என்றார். இந்த வேலைக்குப் பொருள் உண்டு என்ற எண்ணம், இங்கே நான் பாதுகாப்பாக இருக்கிறேன் என்ற உணர்வு, தருவதற்கு உடலிலும் மனதிலும் ஏதாவது மிச்சம் இருப்பது. மூன்று ஆண்டுகள் கழித்து அவர் ஒரு சமூக சேவை நிறுவனத்தை ஆராய்ந்து, பிறரைப் பேணும் வேலையில் இருப்பவர்கள் தங்களுக்கு மேலிருப்பவர்களாலும் தோழர்களாலும் பேணப்படாவிட்டால் வற்றிப்போகிறார்கள் என்று எழுதினார். கிணற்றுக்கு ஊற்று வேண்டும் என்பது நமக்குத் தெரியாததா? இறைத்துக்கொண்டே இருந்தால் எந்தக் கிணறும் ஒரு நாள் சேறு காட்டும். அப்படி வற்றியவரிடம் முதலில் காணாமல்போவது கனிவு. ‘அடிபட்ட மனிதர்’ என்பது போய் ‘ஐந்தாம் நம்பர் படுக்கை’ என்பது வந்துவிடுகிறது. அவர் கல்நெஞ்சர் என்பதால் அப்படி ஆவதில்லை. தாங்கமுடியாத மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் போடும் வேலி அது.

இரண்டாவது, பயமின்மை. எமி எட்மண்ட்சன் என்னும் ஆய்வாளர் 1996-இல் மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு நேர்மாறாக வந்தது. அந்தப் பிரிவுகளில்தான் அதிகமான தவறுகள் பதிவாகியிருந்தன. ஏன்? அங்கே உள்ளவர்கள் தவறை வெளியே சொல்லப் பயப்படவில்லை. சொன்னதால் அது திருத்தப்பட்டது. அதட்டலுக்குப் பயந்த பிரிவுகளில் தவறுகள் மறைக்கப்பட்டன. இதை நம் உயிரோடு பொருத்திப் பாருங்கள். ‘டாக்டர், இந்த ஊசியை ஒருமுறை மறுபடி பார்த்துவிடலாமா?’ என்று கேட்கும் துணிவு ஒரு செவிலியருக்கு இருக்குமா, இருக்காதா என்பது, போன முறை அவர் வாய் திறந்தபோது எப்படி நடத்தப்பட்டார் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது, எண்ணிக்கை. அக்கறை என்பது இனிய சொல்லோடு நின்றுவிட முடியாது. லிண்டா ஐக்கன் என்னும் செவிலியப் பேராசிரியரும் தோழர்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்க்கும் ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரே ஒரு நோயாளியை ஒப்படைத்தாலும், நோயாளிகள் 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது. செவிலியர் பணிச்சோர்வு அடையும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடுகிறது. செவிலியரின் சோர்வும் நோயாளியின் மரணமும் ஒரே வேரில் கிளைப்பதை இந்த எண்கள் சொல்கின்றன.

மற்ற பிரிவுகளைவிட அவசரப் பிரிவில் இது கூர்மையாக வெளிப்படுவதற்குக் காரணம் உண்டு. வார்டில் வேலை செய்யும் செவிலியர், படுத்துக் கிடந்தவர் எழுந்து நடப்பதைப் பார்க்கிறார். வீட்டுக்குப் போகும் நாளில் குடும்பத்தார் இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறார்கள். அவசரப் பிரிவுச் செவிலியருக்கு இந்தப் பலன் இல்லை. மிக மோசமான முதல் மணி நேரத்தை மட்டும் அவர் பார்க்கிறார். பிறகு நோயாளி வேறு பிரிவுக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார். பிழைத்தாரா என்றுகூடத் தெரியாது. கதவருகே வரும் உறவினரிடம் இருப்பது அச்சம். அது கோபமாகச் செவிலியர் மேல் கொட்டுகிறது. நோயாளியிடமிருந்து திரும்பி வரும் அன்பு குறைவான இடம் அது. ஆகவே உடன் வேலை செய்பவர்களும், பொறுப்பில் இருப்பவர்களும், சமுதாயமும் காட்டும் அக்கறைதான் அவருக்கு உணவு.

நம் நாடு இந்த அக்கறையை எப்படிக் காட்டியிருக்கிறது? 2015-இல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி, அரசு மருத்துவமனைகளுக்கு ஒப்பந்த முறையில் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் வந்தார்கள். மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அது நிறைவேறாததால் 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டையில் கூடிப் போராடினார்கள். கொரோனாக் காலத்தில் மேலும் பலர் ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2020 மார்ச் 22 மாலையில் நாடெங்கும் கைதட்டினோம், தட்டுகளைத் தட்டினோம். மே 3 அன்று ஹெலிகாப்டரிலிருந்து மருத்துவமனைகள் மீது பூ தூவப்பட்டது. 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு, அந்த ஒப்பந்தச் செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை முடிந்தது என்று சொல்லப்பட்டது.

கேரளத்தில் லினி என்னும் செவிலியரை நாம் அறிவோம். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நிபா நோயாளியைக் கவனித்து, தாமும் தொற்றுக்கு ஆளாகி, 2018 மே 21 அன்று இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். கடைசி நேரத்தில் கணவருக்கு அவர் எழுதிய சிறு கடிதம் நாட்டையே அழவைத்தது. அவரும் ஒப்பந்த ஊழியர்தான். அவர் இறந்தபின் அரசு கணவருக்கு வேலையும் பிள்ளைகளுக்கு உதவியும் தந்தது; அது நல்ல செயல். ஆனால் உயிரோடு இருக்கும் ஆயிரக்கணக்கான லினிகளுக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பது தெரிய வேண்டாமா?

தனியார் மருத்துவமனைகளைப் பற்றியும் ஒரு சொல். உச்ச நீதிமன்றத்தின் சொற்படி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூடச் செவிலியரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரையை நடைமுறைக்குக் கொண்டுவருவது மாநிலங்களின் கையிலும் நிர்வாகங்களின் மனசாட்சியிலும் இருக்கிறது. நாம் நடத்தும் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ‘இது சேவை அல்லவா?’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பதும், ‘இது அழைத்தல் அல்லவா?’ என்று சொல்லி விடுமுறையை மறுப்பதும், நல்ல சொற்களைத் தவறான வேலைக்குப் பயன்படுத்துவதாகும். சேவை என்பது ஒருவர் மனமுவந்து தருவது. பிறர் அதைச் சுட்டிக்காட்டி அவரிடம் பறிக்கக் கூடாது.

நல்ல சமாரியர் உவமையில் நாம் கவனிக்காமல் போகும் ஒருவர் உண்டு. அவர் சாவடிப் பொறுப்பாளர். அடிபட்டவருக்கு மறுநாள் முதல் மருந்திட்டுச் சோறூட்ட வேண்டியவர் அவர்தான். சமாரியர் அவரிடம் ‘இரக்கம் காட்டு’ என்று உபதேசம் செய்யவில்லை. கையில் இரண்டு தெனாரியம் கொடுத்தார். கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்தார். அடிபட்டவரைக் கவனித்த அதே கை, கவனிப்பவரின் கணக்கையும் கவனித்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்? மருத்துவமனையில் பொறுப்பில் இருப்பவர்கள் நம் பங்கிலும் இருப்பீர்கள். உங்களால் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சுத்தமான கழிவறை, பூட்டக்கூடிய ஓய்வறை, இரவு ஷிப்டில் சூடாகச் சாப்பிட இருபது நிமிடம், வீட்டுக்குப் போக வண்டி, முன்கூட்டியே தெரியும் டியூட்டி அட்டவணை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மருத்துவப் பணியாளரின் பாதுகாப்புக்கென்று தேசியப் பணிக்குழு அமைத்தபோது, இரவுப் பணியில் இருப்போருக்கு ஓய்வறைகூடச் சரியாக இல்லாத நிலையைச் சுட்டிக்காட்டியது. இன்னொன்றும் உண்டு. ஒரு குழந்தை கையிலேயே இறந்துபோன இரவில், அடுத்த நோயாளிக்கு ஓடும் முன் ஐந்து நிமிடம் எல்லோரையும் நிறுத்தி, ‘நம்மால் ஆனதைச் செய்தோம், யாருக்காவது முடியவில்லை என்றால் சொல்லுங்கள்’ என்று கேட்கும் ஒரு தலைமைச் செவிலியர், ஆண்டுவிழாக் கேடயத்தைவிடப் பெரியதைக் கொடுக்கிறார்.

நோயாளியோடு போகும் நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பத்துப் பேராகப் போகாமல் ஒருவரோ இருவரோ கூட இருந்தால் போதும். நமக்குப் பின்னால் வந்தவரை முன்னால் எடுத்தால், அவர் உயிர் நம் வீட்டவர் உயிரைவிட அதிக ஆபத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்வோம். நம்மைக் காத்திருக்கச் சொன்னதே ஒரு வகையில் நல்ல செய்தி. குரலை உயர்த்த வேண்டாம். மருத்துவப் பணியாளரைத் தாக்குவது 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து அடங்குவதைவிட, எதிரில் நிற்பவரும் ஒரு வீட்டுப் பெண், ஒரு வீட்டுப் பிள்ளை என்று உணர்ந்து அடங்குவது மேல்.

நம் ஆள் குணமாகி வீடு திரும்பியபின் இன்னொரு காரியம் செய்யலாம். ஒரு நாள் அந்த அவசரப் பிரிவுக்குப் போய், ‘சிஸ்டர், அன்றைக்கு நீங்கள் பார்த்தீர்களே, அவர் நடக்கிறார்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். முடிவு தெரியாமல் வேலை செய்கிறவருக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்லை.

கடைசியாக, நம் வீடு. நம் குடும்பங்களிலும் செவிலியராக மகள்கள் இருக்கிறார்கள், மருமகள்கள் இருக்கிறார்கள். இரவு டியூட்டி முடிந்து காலை எட்டரைக்குப் பஸ் இறங்கி வருகிறவர், வந்தவுடன் அடுப்படிக்குப் போக வேண்டுமா? கோர்வைச் சேலை நெய்யும் வீடுகளுக்கு இது நன்றாகத் தெரியும். உடலை நெய்கிறவர் ஒருவர் என்றால், கரைப் பக்கத்து நாடாவை வாங்கிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். தனியாக ஒருவர் இரண்டையும் பார்த்தால் வேலை ஓடாது, கையும் ஓய்ந்துபோகும். வீட்டு வேலையிலும் அப்படி ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். கதவைச் சாத்தி, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து, அவரைத் தூங்க விடுங்கள். எழுந்ததும் ஒரு வாய் சோறு தயாராக இருக்கட்டும். அன்று இரவு அவர் கையில் பிழைக்கப் போகும் யாரோ ஒருவருக்கு நீங்கள் செய்யும் உதவி அது.

நேயர்களே, இந்த வாரம் உங்களுக்குத் தெரிந்த ஒரு செவிலியரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பார்த்து, “சிஸ்டர், சாப்பிட்டீங்களா? தூங்கினீங்களா?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை நின்று கேளுங்கள். நாம் உறங்கும் வேளையில் விழித்திருக்கும் அனைவரையும் இறைவன் காத்து, அவர்களைக் காக்கும் மனதை நமக்கும் தருவாராக.